பெண் கேட்கப் போன சுற்றுலா வண்டி

மராக்கேஷில் காலை ஆறரைக்கு ஏற்றுவார்கள். மலையைத் தாண்டி, பாலைவனத்தின் வாசலைக் காட்டிவிட்டு, இரவு ஒன்பதுக்குத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார்கள். அதில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே கிடக்க வேண்டும். இதற்கு 'ஒரு நாள் இன்ப உலா' என்று பெயர் வைத்த புண்ணியவான் அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறியிருக்க மாட்டான்.

என் தம்பி மகன் ஹம்மு அந்த வண்டியை ஆறு வருடமாக ஓட்டுகிறான். முப்பத்தெட்டு வயது. தாய் தகப்பன் இல்லை, நான்தான் எல்லாம். இரண்டு முறை அவனுக்குப் பெண் பேசினோம். இரண்டு முறையும் பெண் வீட்டுக்குப் போகிற நாளில் அலுவலகம் அவனை மலைக்கு அனுப்பிவிட்டது. கேட்டால் "சீசன்" என்பார்கள். எங்கள் ஊரில் சீசன் இல்லாத மாதம் ஒன்று உண்டு என்று பேச்சு; நான் இன்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது பெண்ணை அவனே பார்த்துக்கொண்டான். பெயர் இஜ்ஜா. அய்த் பென் ஹத்து மண்கோட்டையில் வழிகாட்டி, கழுத்தில் அரசாங்க அட்டை தொங்கும். ஓட்டுகிறவன் வழிகாட்டக் கூடாது, வழிகாட்டுகிறவள் ஓட்டக் கூடாது என்பது சட்டம். அதனால் ஹம்மு ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தித் தலைகளை எண்ணி இஜ்ஜாவிடம் ஒப்படைப்பான். அவள் கோட்டையைச் சுற்றிக் காட்டிவிட்டு, எண்ணித் திருப்பித் தருவாள். நான்கு வருடமாக அவர்களுடைய காதல் இவ்வளவுதான் கண்ணுகளா. "பதினேழு." "பதினேழு." என்றைக்காவது வெள்ளம்போல் பெருக்கெடுத்தால், "சளியா?" "இல்ல, தூசி."

இப்படிப்பட்ட காவியத்துக்கு நடுவே ஒரு வங்கிக்காரன் வந்து சேர்ந்தான். வர்ஸஸாத் நகரத்து வங்கியில் மேசை, நாற்காலி, மின்விசிறியோடு உத்தியோகம். அவன் வீட்டார் வெள்ளிக்கிழமை இஜ்ஜாவைக் கேட்டு வருகிறார்கள். இஜ்ஜாவின் அப்பா பென்னாஸர் சொல்லி அனுப்பினார்: "அந்த ஓட்டுநர் வீட்டு ஆளுங்க வரணும்னா புதன்கிழமை வரட்டும். அதுக்கப்புறம் வந்தா டீ மட்டும்தான்."

ஹம்மு புதன்கிழமைக்கு விடுப்புக் கேட்டான். என்ன பதில் வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"மூணாவதும் போச்சு அத்தை."

"எங்கடா போச்சு? புதன்கிழமை உன்ன எங்க அனுப்புறாங்க?"

"அய்த் பென் ஹத்துவுக்கு."

"பொண்ணு வீடு எங்க இருக்கு?"

"அய்த் பென் ஹத்துல."

"ஆறு வருஷமா மலை ஏறி எறங்கி மூளை எங்கேயோ வளைவுல விழுந்திருச்சு போல. வண்டியோட போவோம்டா."

"வண்டில பதினேழு பேர் இருப்பாங்க."

"இருக்கட்டும். பொண்ணு கேக்கப் போறப்ப கூட்டம் இருந்தா மரியாதைதான்."

அல்லா இரக்கமுள்ளவன். செவ்வாய் இரவு ஓல்சன் என்கிற தம்பதிக்கு எங்கள் ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போய், இரண்டு இருக்கை காலியானது. புதன் காலை நானும் என் அண்ணன் லஹ்சனும் ஓல்சன் தம்பதியாக வண்டி ஏறினோம். கையில் மருதாணி, பேரீச்சம்பழம், நீலத்தாள் சுற்றிய கூம்புச் சர்க்கரை நான்கு. பெண் கேட்கப் போகும்போது ஆண் ஒருவர் வாய் திறந்து கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எழுபத்தி நான்கு வயது அண்ணனை எழுப்பிக் கூட்டி வந்தோம். அவரும் மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று அதை ஒத்திகை பார்த்திருந்தார்.

வண்டியில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆங்கிலேய அம்மாள். பெயர் பெரில். மடியில் நோட்டுப்புத்தகம். ஏறியதும் என் தாடையில் குத்தியிருந்த பச்சையை ஒரு மைல் தூரத்துக்குப் பார்த்தாள். பிறகு பின்னால் இருந்த ஒல்லாந்துக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "எவ்வளவு அசலான முகம் பாருங்க. பாவம், வெளியுலகமே பாத்திருக்க மாட்டா."

இருபத்திரண்டு வருடம் மராக்கேஷ் ஓட்டலொன்றில் படுக்கை விரிப்பு மாற்றினவள் நான். உலகம் தன் அழுக்கை எங்கே துடைக்கும் என்பதுவரை பார்த்தாயிற்று. ஆனாலும் சிரித்துக்கொண்டே அவளுக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தேன். எங்கள் ஊரில் அந்நிய மொழி தெரிவது பிழைப்பு. தெரியாத மாதிரி இருப்பது அதைவிட நல்ல பிழைப்பு.

கோட்டையில் பேச்சுக்கு நேரம் வேண்டுமே என்று ஹம்மு வழியில் நிறுத்தங்களைக் குறைக்கப் பார்த்தான். ஆர்கன் எண்ணெய்க் கடையைக் கண்டும் காணாமல் தாண்டினான்.

"எண்ணெய்க் கடை?" என்றார் ஒல்லாந்துக்காரர். கையில் அச்சடித்த தாள். "பட்டியல்ல இருக்கு."

வண்டி திரும்பியது. கடையில் மூன்று பெண்கள் தரையில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் வருவது பின்கட்டு இயந்திரத்திலிருந்து. முன்கட்டு, படம் எடுப்பதற்கு. அதிலொருத்தி என் பழைய பக்கத்து வீட்டுக்காரி.

"ரகியா, நீ எங்கடி இந்தக் கூட்டத்துல?"

"நான் ஓல்சன். சத்தம் போடாத."

"நல்லாயிருக்கியா ஓல்சன்?"

"இருக்கேன். பொண்ணு கேக்கப் போறோம்."

அவள் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்து எனக்காக துஆ கேட்டாள். அதையும் நான்கு பேர் படம் பிடித்தார்கள்.

அதன்பின் பள்ளத்தாக்குப் படம், பனிப் படம், கணவாயின் உயரம் எழுதிய பலகையோடு படம். சாதாரணக் கல்லை உடைத்து உள்ளே ஊதாச் சாயம் பூசி விற்கிறவனிடம் ஸ்பானிய ஜோடியொன்று பூமியின் ரகசியத்தையே வாங்கிக்கொண்டு வந்தது. மலையின் மறுபக்கம் இறங்கத் தொடங்கினோம். வளைவுக்கு மேல் வளைவு. அண்ணன் லஹ்சனின் முகம் முதலில் மஞ்சள், பிறகு பச்சை.

"அண்ணே, அந்த வாக்கியம் ஞாபகம் இருக்கா?"

"பை," என்றார் அண்ணன்.

"எந்தப் பை?"

கேட்டிருக்கக் கூடாது. கொடுத்திருக்க வேண்டும்.

மதியம் ஒன்றரைக்கு ஆற்றங்கரையில் இறங்கினோம். வழக்கமாக வருவதைவிட முக்கால் மணி நேரம் தாமதம். கரையில் குடையோடு இஜ்ஜா நின்றிருந்தாள். பெண் கேட்க வருகிற நாளில் பெண் வீட்டுக்குள் முகம் காட்டாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் ஹம்முவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"என்னம்மா, இங்க நிக்கிற?" என்றேன்.

"இன்னிக்கு என் முறை அத்தை. விட்டா பத்து நாளைக்கு வேற ஆளப் போட்டுருவாங்க." முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "கோட்டைக்குள்ள ஏதாவது ஒரு வீட்டக் காட்டணும்னு பட்டியல்ல இருக்கு. இன்னிக்கு எங்க வீட்டக் காட்டிடறேன். நீங்களும் கூடவே வந்துடுங்க."

"பதினஞ்சு பேர்," என்றான் ஹம்மு, பழக்க தோஷத்தில்.

"பதினெட்டு," என்றாள் அவள். "இன்னிக்கு நீங்களும் எண்ணிக்கையில வர்றீங்க."

வண்டி நிறுத்துமிடத்து ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஹம்மு ஆற்றைத் தாண்டினான். நான்கு வருடத்தில் முதல் தடவை.

பென்னாஸரின் வீடு கோட்டையின் இரண்டாவது அடுக்கில். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சினிமாக்காரர்கள் வருவார்கள், போவார்கள்; அவர்களுக்குக் கூட்டம் வேண்டும். பென்னாஸர் இதுவரை இரண்டு முறை சிலுவையில் அறையப்பட்டிருக்கிறார், மூன்று முறை அடிமையாக விற்கப்பட்டிருக்கிறார், ஒரு முறை ரோமாபுரிக்காகச் செத்திருக்கிறார். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் கம்பளம் விற்பார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் எல்லாம் கரைத்துக் குடித்தவர். ஆனால் கம்பளத்தை விரித்துவிட்டால் ஒரு வார்த்தை தெரியாது. வாங்க வந்தவர்கள் தங்களுக்குள் எவ்வளவுவரை போகலாம் என்று அவர் மூக்குக்கு நேராகவே பேசிக்கொள்வார்கள். அவர் கெண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் விரலால் மண்ணில் ஒரு எண்ணை எழுதுவார். அது எப்படியோ அவர்கள் மனதில் இருந்த எண்ணாகவே இருக்கும். கிழவருக்கு அபூர்வ சக்தி என்று ஊருக்குப் போய் எழுதுவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். பதினைந்து பேரும் சுவரோரம் உட்கார்ந்ததுமே, ஒல்லாந்துக்காரரும் பெரிலும் சிவப்புக் கம்பளத்தைத் தடவிப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார்கள். "இவர் கேக்கப் போறதவிட ரெட்டிப்பு குடுக்கலாம், தாராளமா." பென்னாஸர் கெண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தட்டை நடுவில் வைத்தேன். நான்கு சர்க்கரைக் கூம்பு, மருதாணி, பேரீச்சம்பழம். வீட்டார் அதை உள்ளே எடுத்துப் போனால் சம்மதம். அங்கேயே கிடந்தால், போகும்போது நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"இங்க நீங்க பாக்குறது," என்று இஜ்ஜா ஆங்கிலத்தில் தொடங்கினாள், கோட்டைச் சுவரைக் காட்டுகிற அதே குரலில், "ஒரு பெண் கேட்பு. அந்தத் தட்டு மாப்பிள்ளை வீட்டுது. கதவோரம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர்தான் மாப்பிள்ளை."

"நம்ம ஓட்டுநர் மாதிரியே இருக்காரே," என்றாள் பெரில்.

"அவரேதான்."

"எவ்வளவு தத்ரூபமா செய்யறாங்க," என்றாள் பெரில் எழுதிக்கொண்டே.

எல்லோரும் அண்ணன் லஹ்சனைப் பார்த்தோம். மூன்று நாள் ஒத்திகை. அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"வாளி," என்றார்.

அவரை முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். பென்னாஸர் புருவத்தைத் தூக்கி, பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் 'லல்லா'வையும் சேர்த்துக் கேட்டார். "கேக்கறதுக்கு ஆம்பள யாரும் வரலயா லல்லா ரகியா?"

"வந்தார். இப்ப முற்றத்துல இருக்கார். நானே கேக்கறேன் பென்னாஸர். என் தம்பி மகன் ஹம்முவுக்கு உங்க மக இஜ்ஜாவக் குடுங்க. குடிக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான். ஆறு வருஷத்துல வண்டிய ஒரு தடவகூட பள்ளத்துல விட்டதில்ல."

"ஒரு தடவ விட்டாலே போதுமே."

"அதான் விடலயே."

பென்னாஸர் கெண்டியை உயரத் தூக்கி டீ ஊற்றினார். நுரை வந்தது. "எங்க பொண்ணு சின்னப் பொண்ணு," என்றார். இஜ்ஜாவுக்கு முப்பத்தொன்று. "பையன் நல்லவன்தான். ஆனா வாழ்க்கை பூரா மலைமேல. காலைல போனா ராத்திரி. பனி விழுந்தா அதுவும் இல்ல. நான் ஒருத்தர்கிட்ட ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அவருக்கு மேசை இருக்கு. யோசிக்கறோம் லல்லா. டீ சாப்பிடுங்க."

யோசிக்கிறோம் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹம்மு எழுந்திருக்கப் போனான். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளையின் காது அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது பெண்ணும் போய், தட்டைத் தூக்கிக்கொண்டு, இந்தப் பையனோடு அத்தனை வளைவும் திரும்ப ஏற வேண்டும்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள் பெரில்.

"முடியாதுன்னு சொன்னார். மரியாதையா சொன்னார்," என்றாள் இஜ்ஜா ஆங்கிலத்தில்.

"அடடா. பெண் என்ன சொல்றா?"

எங்கள் ஆட்களில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பா உட்கார்ந்திருக்கும் இடத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. பெண் பேசாமல் இருந்தால் அதுவே அவள் பதில். அந்த வழக்கம் பெரிலின் நோட்டில் இன்னும் ஏறியிருக்கவில்லை.

இஜ்ஜா கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டாள்.

"அந்தப் பெண்ணைக் கேட்டா இப்படிச் சொல்லுவா," என்று ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தாள். "வங்கிக்காரர் நல்லவர். தினமும் அஞ்சரைக்கு வீட்டுக்கு வந்துருவார். வந்து, தூங்குறவரைக்கும் வட்டியப் பத்திப் பேசுவார். ஒரு தடவ இந்த முற்றத்துல உக்காந்து பேசினார். எங்க ஆடு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சு."

பதினைந்து பேரும் சிரித்தார்கள். பென்னாஸர் கெண்டியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஆனால் டம்ளர் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஓட்டுநர் பேசவே மாட்டார். நாலு வருஷத்துல அவர் பேசினத ஒரு சீட்டுல எழுதிரலாம். போன குளிர்காலத்துல அவளுக்குக் காய்ச்சல். குரல் கட்டிப்போய் ஆத்தங்கரைல நின்னா. அவர் ஒண்ணும் கேக்கல. அடுத்த நாள் மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பிளாஸ்க் நிறைய பார்லிக் கஞ்சி கொண்டுவந்து, வண்டிச் சக்கரத்துப் பக்கத்துல வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கண்ணாடியத் துடைச்சுக்கிட்டிருந்தார். கஞ்சி சுடச்சுட இருந்தது. அந்தப் பச்சைப் பிளாஸ்க்–"

"அது அவன் குடுத்ததா?" என்றார் பென்னாஸர். "ஜெர்மன்காரி ஒருத்தி பரிசாக் குடுத்தான்னு சொன்ன. ஒரு வருஷமா நான் அதுலதான் டீ குடிக்கிறேன். ஊர் பூரா ஜெர்மன் சரக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

இதை அவர் சொன்னது அப்பழுக்கில்லாத ஆங்கிலத்தில்.

வெளியே அண்ணன் லஹ்சன் மட்டும் முனகினார்.

பெரில் மெதுவாக நோட்டை மூடினாள். "ஐயா, உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா?"

"கொஞ்சம்," என்றார் பென்னாஸர்.

"நாங்க கம்பளத்தப் பத்திப் பேசிக்கிட்டிருந்தது?"

"அதுவும் கொஞ்சம்."

ஒல்லாந்துக்காரர் தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது பட்டியலில் இல்லை.

பென்னாஸர் நனைந்த முழங்காலைத் துடைத்தார். முப்பது வருட வியாபாரத்தை ஒரு பிளாஸ்க்கில் தொலைத்த மனிதர், இனி எதை மறைத்து என்ன என்று நினைத்திருக்க வேண்டும். மகள் பக்கம் திரும்பினார். எங்கள் மொழிக்கு வரவில்லை, ஆங்கிலத்திலேயே நின்றார். அது எனக்கு உடனே புரிந்தது கண்ணுகளா. எங்கள் மொழியில் ஒரு அப்பா நாலு பேர் முன்னால் மகளிடம் அதைக் கேட்க முடியாது. நாக்கு எழும்பாது.

"உனக்கு இவன் வேணுமா?"

"வேணும்," என்றாள் இஜ்ஜா. அதுவும் ஆங்கிலம்தான். வழிகாட்டிக் குரல் அந்த ஒரு சொல்லில் உடைந்தது.

"மலைமேல போனா ராத்திரிதான் வருவான்."

"வர்றானில்ல."

அவர் கொஞ்ச நேரம் ஹம்முவைப் பார்த்தார். ஹம்முவுக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் அவனுக்குத் தன் பெயர்கூடத் தெரிந்திருக்காது. பிறகு பென்னாஸர் என் பக்கம் திரும்பி எங்கள் மொழியில், ஒன்றுமே நடக்காத மாதிரி சொன்னார்:

"லல்லா ரகியா, உங்க சர்க்கரைல எறும்பு ஏறிடப் போவுது. உள்ள எடுத்துட்டுப் போகச் சொல்றேன்."

நான் குலவையிட்டேன். பக்கத்து மாடியில் ஒருத்தி அதற்குப் பதில் இட்டாள், அதற்கு மேல் மாடியில் இன்னொருத்தி, அப்படியே கோட்டை உச்சிவரை போனது. ஸ்பானிய ஜோடி கைதட்டி, இந்த நிகழ்ச்சி தினமும் எத்தனை மணிக்கு என்று கேட்டது.

சம்மதம் சொன்னதும் பெண் உள்ளே ஓடி முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். இஜ்ஜா வாசல்வரை ஓடத்தான் செய்தாள். அங்கே நின்று, திரும்பி, குடையை எடுத்தாள். உச்சியிலிருக்கும் தானியக் கிடங்கைக் காட்ட வேண்டியது பாக்கி. "இந்தப் பக்கம் வாங்க, படி வழுக்கும்," என்றாள். பதினைந்து பேரும் எழுந்தார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் ஹம்முவும் வரிசையில் நின்றான்.

"வண்டி?" என்றேன்.

"இருக்கட்டும் அத்தை."

அலுவலகம் அன்றைக்கு அவனைப் பதினொரு முறை கூப்பிட்டது. அந்தப் பதினொரு முறையும், அவன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போன தொலைபேசி என் மடியில்தான் அதிர்ந்துகொண்டிருந்தது. முட்டிவலி எனக்கு, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே நடந்ததை இறங்கி வந்த பெரில்தான் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் "அப்புறம்?" என்று கேட்டதும், காலையில் வண்டியில் பேசியது ஞாபகம் வந்து முகம் சிவந்தாள், ஆனாலும் சொன்னாள். இஜ்ஜா கிடங்கின் உயரம், வயது எல்லாம் ஒப்பித்துவிட்டு, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டாளாம். ஹம்மு கையைத் தூக்கினானாம்.

"இங்கேர்ந்து ஆத்தங்கரைல நிக்கிற வண்டி தெரியுமா?"

"நல்லாத் தெரியும்," என்றாளாம் இஜ்ஜா. "நாலு வருஷமா எல்லாரையும் அந்தப் பக்கம் பாலைவனத்தப் பாக்கச் சொல்லிட்டு, நான் இந்தப் பக்கம் அந்த வண்டியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."